வெயிலில் காயப்போட்ட கூறை

பேத்தியின் வகுப்பை இந்தக் குளிருக்குள் காட்டில் கூடாரம் அடித்துத் தங்க அழைத்துப் போகிறார்களாம். பிள்ளைகளுக்குத் துணிவு வரவேண்டும் என்பது பள்ளிக்கூடத்தின் நோக்கம். நாங்கள் துணிவு வராமல் இருப்பதற்காகவே ஊரை விட்டு ஓடி வந்தவர்கள். அதை மகளிடம் சொல்லவில்லை. அவள் தொலைபேசியில் கேட்டது வேறு: பிள்ளைக்கு என்னென்ன கட்டிக்கொடுக்கவேண்டும்?

என்னிடம் கேட்டதில் வியப்பில்லை. இந்த டென்மார்க்கில் எதற்கு எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்பது எனக்குத் தெரியும் என்று குடும்பத்தில் ஒரு தீர்ப்பு உண்டு. கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகத்தில் நீண்டகாலம் இருந்து ஓய்வுபெற்றவன். ரண்டர்ஸிலிருந்தும் ஹ்விடோவ்ரேயிலிருந்தும் இன்றைக்கும் ஆட்கள் அழைத்து, ஓய்வூதியத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது, மருத்துவ மறுப்பை எதிர்த்து எங்கே முறையிடுவது என்று கேட்கிறார்கள். நான் சொல்கிறேன். கேட்டு முடிந்ததும், "நல்லது அண்ணை, உங்களை மாதிரி ஒராள் இருக்கிறது பெரிய உதவி" என்று சொல்லி, அடுத்த நடைமுறை வரும்வரை என்னை மறந்துவிடுகிறார்கள். அதுவும் ஒரு நடைமுறைதான்.

மகள் டேனிஷில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன். எங்கள் வீட்டில் பேச்சு அப்படித்தான் நடக்கும். பருத்தி உடுப்பு வேண்டாம், தோலோடு படுவது கம்பளியாக இருக்கட்டும் என்றேன். படுக்கும்போது பகலில் போட்ட காலுறையைக் கழற்றிவிட்டுக் காய்ந்தது ஒன்றைப் போடவேண்டும். சிறுநீர் வந்தால் சோம்பலில் அடக்கிக்கொண்டு கிடக்கக்கூடாது, அடக்கிக் கிடப்பவனுக்குத்தான் கூடக் குளிரும். முகத்தை ஸ்லீப்பிங் பேக்குக்குள் புதைத்து மூச்சு விடக்கூடாது, மூச்சு ஈரமாகி விடியும்போது அதே ஈரம் திருப்பிக் கடிக்கும்.

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"கூறையைக் கட்டிக் குடுத்துவிட வேண்டாமெண்டும் சொல்லுங்கோ."

அம்மா என்ன சொல்கிறாள் என்று மகள் கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அது ஒன்றுமில்லாத விஷயம் அல்ல.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்டத்தின் அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞனாக இருந்தவன். பட்டதாரி. டென்மார்க் என் பட்டத்தை மரியாதையோடு பார்த்துவிட்டு, பிராண்டேயில் ஒரு துணித் தொழிற்சாலையில் நூல் கட்டும் இயந்திரத்துக்கு முன்னால் நிறுத்தியது. கலியாணம் முடித்துச் சில வாரங்களில் புறப்பட்டு வந்தவன் ஆகையால் என் மனைவியை எனக்கு அதிகம் தெரியாது. அவள் ஒரு பெண்கள் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தவள், வேகமாக நடப்பாள், கத்தரிக்காய் பிடிக்காது. அவ்வளவுதான் என் தகவல். அவள் வந்து சேர்வதற்கான அனுமதி, நான் எதிர்பார்த்ததைவிடக் கெதியாக, ஒரு கார்த்திகையில் கிடைத்தது. நடைமுறைகளை நான் அவ்வளவு சரியாகச் செய்திருந்தேன். ஒரேயொரு குறை, அவளைக் கொண்டுபோய் வைக்க வீடு இல்லை.

நான் அப்போது நான்கு ஆண்களோடு ஒரு வீட்டில் இருந்தேன். ஒரு குளியலறை, ஒரு சட்டி, ஐந்து குறட்டைகள். கொம்யூனின் வீடு வசந்தத்தில் கிடைக்கும் என்றார்கள். தொழிற்சாலையில் என் பக்கத்து இயந்திரத்தில் நின்ற டேனிஷ்காரன் இதைக் கேட்டுவிட்டு, தங்களுடைய கரவன் ஒன்று ஏரிக்கரைக் கேம்பிங்கில் வருடம் முழுக்க நிற்கிறது, குளிர்காலத்தில் தாங்கள் போவதில்லை, நீங்கள் இருங்கள் என்றான். கார் இழுத்துக்கொண்டு போகும் சிறு வீடுதான் கரவன்; அப்படிப்பட்டவை விடுமுறைக்கு வந்து நிற்கும் இடம் கேம்பிங். அங்கே சிலர் குளிர்காலத்திலும் தங்குகிறார்கள், விருப்பத்தோடு, என்றும் சொன்னான். விருப்பத்தோடு என்றதை நான் அப்போது நம்பவில்லை.

அவளைக் கொண்டுபோய் இறக்கியபோது பனி முழங்காலுக்குக் கிடந்தது. அவள் கரவனைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தாள்.

"இதுதானோ வீடு?"

"தற்காலிகம்."

"சில்லு இருக்கு."

"ஓம்."

"அப்ப உங்கடை வீடு ஓடவும் ஓடும்."

"ஓடாது. ரயருக்குக் காத்தில்லை."

"நல்லது. என்னை மாதிரித்தான்."

உள்ளே போய் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றாமலே சொன்னாள். "ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. மாசி முடியுமட்டும் இருந்து பாப்பன். பங்குனியிலையும் இப்பிடித்தான் எண்டால் நான் அக்காட்டைப் போறன்."

அவளுடைய அக்கா பிள்ளைகளோடு மெட்ராசுக்குப் போய் ஒரு வாடகை வீட்டில் இருந்தாள். இவளுக்குத் தாய் மாதிரி இல்லை, அதைவிட நெருக்கம். கலியாணம்வரை ஒரே அறை, ஒரே பாய், ஒரே சண்டை. மெட்ராஸ் வழியாகத் திரும்பும் டிக்கெட்டின் மறுபாதி இவளுடைய கைப்பையில் இருந்தது. இலங்கைப் பாஸ்போர்ட்டும் காலம் முடியாமல் இருந்தது. போவதற்கு வேண்டிய எல்லாம் ஒழுங்கு. போனால் எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்.

அவள் தன் சூட்கேசை அவிழ்க்கவில்லை. மேலே கிடந்த இரண்டு மூன்று உடுப்பையும் பல்பொடியையும் எடுத்துவிட்டு மறுபடி பூட்டி, கட்டிலுக்கும் வெளிச்சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கில் செருகி வைத்தாள். அலுமாரியைக் காட்டினேன். "போற ஆளுக்கு என்னத்துக்கு அலுமாரி" என்றாள்.

அந்தக் குளிர்காலம் எப்படிப்பட்டது என்று இப்போது சொன்னால் இளம் ஆட்கள் சிரிக்கிறார்கள். ஏரி உறைந்து அதன்மேல் கார் ஓடியது. வயதான டேனிஷ்காரர்களே நின்று பார்த்தார்கள். நாங்களோ குளிரை முழுக்கத் தலைகீழாக விளங்கி வைத்திருந்தோம். எங்கள் ஊரில் குளிர் என்றால் பனி, பனி என்றால் அது தலையில் விழுவது. அதனால் நான் தலையில் துவாயைச் சுற்றி, அதற்குமேல் மஃப்ளர் கட்டி, காதில் பஞ்சு அடைத்துவிட்டு, காலில் மெல்லிய ஒரேயொரு சோடிக் காலுறையோடு நின்றேன். டென்மார்க்கில் குளிர் காலால் ஏறும் என்று தெரிய ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், பிடித்தது. அதற்குள் இரண்டு பெருவிரலும் உணர்ச்சி இல்லாமல் போய், நான் மிதித்தது தரையா அவளுடைய காலா என்று தெரியாமல் நடந்தேன்.

காஸ் அடுத்த பாடம். கரவனில் இருந்த சிலிண்டரில் பியூட்டேன். கோடைக்கு நல்ல காஸ். தண்ணீர் உறையும் குளிரில் போத்தலைவிட்டு எழும்பாது. நிறைந்த சிலிண்டரை வைத்துக்கொண்டு ஒரு காலை முழுவதும் தேநீர் இல்லாமல் இருந்தோம். நான் சிலிண்டரைக் கம்பளியால் போர்த்திவிட்டேன். அவள் பார்த்தாள்.

"அதுக்கு நெத்தியிலை கொஞ்சம் திருநீறும் பூசிவிடுங்கோ."

தொழிற்சாலை நண்பன் வந்து புரோப்பேன் மாற்றிக் கொடுத்தான். அப்போதுதான் இன்னொன்றையும் கண்டான். காற்றுவழிகள் எல்லாவற்றையும் நான் இடுப்பில் உடுக்கும் சாரத்தைக் கிழித்து அடைத்திருந்தேன். அவன் முகம் வெளிறி, ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி எடுத்தான். காஸ் எரிகிற பெட்டிக்குள் காற்றுவழியை மூடினால் குளிர் போகும், ஆட்களும் போய்விடுவார்கள் என்று கையால் கழுத்தைக் காட்டி விளக்கினான். அதன்பிறகு அந்தத் துவாரங்கள் வழியாக வந்த காற்றை ஒரு விருந்தாளியைப் போல மரியாதையாக நடத்தினோம்.

தண்ணீர் கேம்பிங்கின் பொதுக்கட்டடத்திலிருந்து வாளியில் வரும். வரும் வழியிலேயே மேலே ஒரு ஆடை பிடிக்கும். இரவில் வாளியைக் கட்டிலுக்கருகில் வைக்காவிட்டால் காலையில் உடைத்துத்தான் எடுக்கவேண்டும். தேநீரைக் குறைத்தால் வெளியே போகவேண்டிய தேவை குறையும் என்று முதலில் கணக்குப் போட்டோம். குடிக்காதவனுக்கு உடம்பு சூடாவதில்லை என்று பிறகு தெரிந்தது. எலுமிச்சைச் சோடாப் போத்தல்களில் கொதிநீர் ஊற்றி, காலுறைக்குள் விட்டு, காலடியில் வைத்துப் படுத்தோம். மெத்தைக்குக் கீழே பழைய பத்திரிகைகள். எனக்கு ஒரு வரியும் விளங்காத செய்திகள் மேலே ஒரு குளிர்காலம் முழுக்கப் படுத்திருக்கிறேன்.

ஒரு ஞாயிறு நண்பனின் மனைவி வந்து, எங்கள் இரண்டு ஸ்லீப்பிங் பேக்குகளையும் பார்த்துவிட்டு, இரண்டையும் ஓரத்து ஸிப்பால் ஒன்றாய்ப் பூட்டலாம், கூடச் சூடாக இருக்கும் என்று கட்டிலில் விரித்துச் செய்து காட்டினாள். என் மனைவி அவசரமாக வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாள். வாளி ஏற்கெனவே நிறைந்திருந்தது. ஆனால் அன்றிலிருந்து அவை பிரிக்கப்படவில்லை. அந்த மாலைகளில் அவள் தன் கல்லூரி அதிபரைப் போலப் பேசிக் காட்டுவாள், அக்காவும் தானும் ஒரே சைக்கிளில் விழுந்த கதையைச் சொல்வாள். சிரிக்கும்போது வாயிலிருந்து வருகிற ஆவி விளக்கு வெளிச்சத்தில் தெரியும். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பாதி அந்தப் பெட்டிக்குள் தெரிந்துகொண்டவை. இவள் போகமாட்டாள் என்று சில மாலைகளில் நினைத்தேன். விடிந்ததும் சூட்கேஸ் அந்த இடுக்கில் இருக்கும்.

ஆவி என்றேன். அதுதான் எங்களைப் பிடித்தது. டேனிஷ்காரன் கரவனில் தகர ரின்னில் அடைத்ததைச் சூடாக்கிச் சாப்பிடுவான். நாங்கள் நாள்தோறும் சோறு வடித்தோம், பருப்பு அவித்தோம், தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வைத்தோம். இரண்டு பேரின் மூச்சு வேறு. அவ்வளவு ஈரமும் எங்கே போகும் என்று விஞ்ஞான ஆசிரியையும் யோசிக்கவில்லை, எழுதுவினைஞனும் யோசிக்கவில்லை. அது குளிர்ந்த வெளிச்சுவரைத் தேடிப் போய், அங்கே வழிந்து, இரவில் உறைந்து, பகலில் கொஞ்சம் இளகி, மறுபடி உறைந்தது. சுவருக்கும் கட்டிலுக்கும் இடையில்.

தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு காலை அவள் ஒரு கம்பளிச் சட்டை எடுக்க சூட்கேசை இழுத்தாள். அது வரவில்லை.

"இஞ்சேருங்கோ, இதைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறது ஆர்?"

நானும் இழுத்தேன். சூட்கேஸ் சுவரோடு உறைந்து ஒட்டியிருந்தது. கொதிநீர்த் துணியால் ஒத்தி ஒத்தி விடுவித்தபோது அதன் ஒரு மூலைத் தோல் சுவரிலேயே தங்கிவிட்டது. திறந்தாள். மேல் உடுப்புகள் ஈரம். அடியில், சுவர்ப்பக்கமாக, வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது அவளுடைய கூறை. தாலி கட்டும்போது உடுத்திய பட்டுச்சேலை. அதை எங்களில் ஒருத்தி எந்த நாட்டுக்குப் போனாலும் விட்டுவிட்டுப் போகமாட்டாள். அரக்குச் சிவப்பு, அகலமான சரிகைக்கரை. மடிப்புகளுக்கிடையில் பனிக்கட்டி மெல்லிய கண்ணாடிபோல் இருந்தது. நல்லவேளை, சாயம் அதிகம் ஊறவில்லை. அலுமாரியில் தொங்கியிருந்தால் இது நடந்திருக்காது.  

அடுப்புச் சூட்டில் பனிக்கட்டி கரைந்து கூறை சொட்டச் சொட்ட நனைந்தது. பொதுக்கட்டடத்தில் துணி உலர்த்தும் அறை ஒன்று உண்டு; அந்தக் கிழமை குழாய் வெடித்து அதைப் பூட்டியிருந்தார்கள். கரவனுக்குள் போட்டால் மறுபடி உறையும். அவள் யன்னலில் படிந்திருந்த பனியை நகத்தால் சுரண்டி வெளியே பார்த்தாள்.

"வெயில் எறிக்குது!"

உண்மைதான். பல நாட்களுக்குப் பிறகு வானம் ஒரு முகில் இல்லாமல் நீலமாகத் திறந்திருந்தது. வெயில் பனியில் பட்டு, கண்ணைத் திறக்க முடியாத வெளிச்சம். எங்களுக்கு வெயில் என்றால் சூடு. பிறந்த நாளிலிருந்து அது மாறியதில்லை, மாறும் என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. முகில் போர்வை மாதிரி, அது விலகினால் நிலத்தின் சூடு எல்லாம் மேலே போய்விடும், இந்த நாட்டில் வெயில் எறிக்கிற குளிர்கால நாள்தான் ஆகக் குளிரான நாள் என்பதைப் பின்னர் ஒரு தமிழ் வானொலியில் நானே விளக்கியிருக்கிறேன். அன்று இருவரும் கோயில் திருவிழாவுக்குப் போவதுபோல் கூறையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனோம். கரவனுக்கும் ஒரு பிர்ச் மரத்துக்கும் இடையில் கயிறு கட்டி, அதன் முழு நீளத்துக்கும் விரித்துப் போட்டோம். வெள்ளைப் பனிக்கு முன்னால் அந்தச் சிவப்பு. அவள் சற்றுத் தள்ளிப்போய் நின்று பார்த்தாள். டென்மார்க்குக்கு வந்தபிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை அன்றுதான் கண்டேன்.

உள்ளே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தபோது கூறை பலகையாகியிருந்தது. காற்று வந்தால் நெளியவில்லை. முழுச்சேலையும் கதவு மாதிரி ஒரே துண்டாக ஆடியது. தட்டினால் சத்தம் கேட்டது.

அப்போதுதான் எதிர்க்கரவன் கிழவர் வெளியே வந்தார். வருடம் முழுக்க அங்கேயே வசிக்கும் ஓய்வுபெற்ற மனிதர், எப்போதும் ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி. என் மனைவி அவருக்கு அப்பு, அதாவது தாத்தா, என்று பெயர் வைத்திருந்தாள். நேரிலும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவரும் அது ஏதோ காலை வணக்கம் என்று நினைத்து அதையே திருப்பிச் சொல்வார். அன்று அவர் வாசலில் நின்றபடி இரண்டு கையையும் தலைக்குமேல் வீசி, எங்களைப் பார்த்து உரத்துக் கத்தினார். விரலை நீட்டி இல்லை, இல்லை என்று ஆட்டினார்.

வேறு எவனாவது என்றால், என்ன ஐயா என்று பக்கத்தில் போய்க் கேட்டிருப்பான். எனக்குக் கேட்கத் தேவையில்லை. எனக்கு விதிகள் தெரியும். பொதுக்கட்டடத்துக் கதவில் ஒட்டியிருந்த கேம்பிங் விதிகளை அகராதி வைத்து முழுக்க மொழிபெயர்த்திருந்தேன். டேனிஷில் நான் கடைசிவரை வாசித்த முதல் இலக்கியம் அது. பாதைப்பக்கம் துணி காயப்போடக்கூடாது என்பது அதில் ஒரு விதி.

"பாதைப் பக்கம் போட்டிட்டம்" என்றேன். "அதுதான் கத்திறார்."

அவள் முகம் சுருங்கியது. "அப்ப எடுப்பம். கெதியா எடுங்கோ. வந்த இடத்திலை சண்டை வேண்டாம்."

கூறையைத் தனி ஆளாய் மடிக்கமுடியாது. ஊரில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று ஆளுக்கிரண்டு நுனியைப் பிடிப்பார்கள். அவள் எப்போதும் அக்காவோடுதான் மடித்திருக்கிறாள். இப்போது அக்காவின் பக்கத்தில் நான் நின்றேன். இருவரும் கயிற்றிலிருந்து அந்தப் பலகையை இறக்கி, நுனிகளைப் பிடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தோம்.

அப்பளம் முறிகிற சத்தம். முதலில் சரிகைக்கரையில், பிறகு அங்கிருந்து சேலையின் உடல் வழியாக நீளத்துக்கு. முதல் மடிப்பிலேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் கை பழகியபடி அடுத்த மடிப்புக்குப் போய்விட்டது. அவளுடைய கையும்தான்.

கிழவர் கோட் கூடப் போடாமல் பனிக்குள் விழுந்து எழும்பி ஓடிவந்து சேர்ந்தபோது நாங்கள் இருவரும் அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றோம். அவர் மடிப்பைத் தொட்டுப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு என் கையைப் பிடித்துத் தன் கரவனுக்குப் பின்னால் இழுத்துப் போனார். அங்கே ஒரு கயிற்றில் அவருடைய வேலைக் காற்சட்டை, ஆள் உள்ளே நிற்பதுபோல் விறைத்து நின்றது. பக்கத்தில் முன்பே போட்ட ஒரு படுக்கை விரிப்பைக் காட்டினார். தொட்டேன். மிருதுவாக இருந்தது, காய்ந்திருந்தது. உறைந்த துணியை அப்படியே விட்டால் குளிரே அதைக் காயவைக்கும், உறைந்திருக்கும்போது மட்டும் கை வைக்கக்கூடாது. அவர் அதைத்தான் கத்தியிருக்கிறார். தொடாதே, விடு, அப்படியே விடு. பாதைப்பக்கம் துணி போடுவதைப் பற்றி அந்தக் கேம்பிங்கில் ஒருவருக்கும் கவலை இருந்ததில்லை. அந்த விதியை வாசித்த ஒரே ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன்.

நான் திரும்பி வந்து அவளுக்குச் சொன்னேன். கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கோபித்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கிழவரைப் பார்த்தாள்.

"அப்புவுக்குத் தேத்தண்ணி போடுங்கோ. பாவம், கோட் இல்லாமல் ஓடி வந்திட்டார்."

மூவரும் கரவனுக்குள் முழங்கால் முட்ட இருந்து தேநீர் குடித்தோம். ஒருவர் பேசியதும் மற்றவருக்கு முழுதாக விளங்கவில்லை. அவர் போனபிறகுதான் அவள் சொன்னாள்.

"இனி நான் என்னெண்டு அக்காட்டைப் போறது?"

"ஏன்?"

"புருசன் இல்லாமல் தனிய வந்து இறங்கிறன். கூறை எங்கை எண்டுதான் அக்கா முதல் கேப்பா. முறிஞ்ச கூறையைக் காட்டினால் என்னத்தை நினைப்பா? அங்கை இருக்கிற எங்கடை சனம் என்னத்தைக் கதைக்கும்?"

"கூறையை இஞ்சை வைச்சிட்டுப் போம்."

"வைச்சிட்டுப் போனால் அதைவிட மோசம்."

அவள் சொன்னது சரி. தனியே வரும் பெண்ணின் கையில் கிழிந்த கூறை இருந்தால் எங்கள் ஆட்களுக்கு வேறு சாட்சி தேவையில்லை. நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. மனதுக்குள் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. மகிழ்ச்சி. மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது அவளுடைய உடுப்புகள் எல்லாம் அலுமாரியில் தொங்கின. மூலை போன சூட்கேசுக்குள் உருளைக்கிழங்கும் வெங்காயமும், உறையாமல் இருக்கப் பத்திரிகை சுற்றி, அடுக்கப்பட்டிருந்தன. நான் அலுமாரிக் கதவை இரண்டு தடவை திறந்து பார்த்தேன்.

மாசி முடிந்தது. பங்குனி பிறந்தது. குளிர் அப்படியேதான் இருந்தது. அவள் போகிற பேச்சை எடுக்கவில்லை. நானும் நாட்காட்டியைப் பார்க்காதவன்போல் இருந்தேன். டிக்கெட்டின் மறுபாதி கைப்பையிலிருந்தபடியே காலாவதியானது. வசந்தத்தில் கொம்யூன் வீடு கிடைத்தது: இரண்டு அறை, சுவரோடு சூடேற்றிகள், குழாயைத் திருப்பினால் வெந்நீர். அவள் முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனாள், அவளுக்குப் பகல், எனக்கு இரவு. ஸ்லீப்பிங் பேக்குகளைக் கழுவி, தனித்தனியாகச் சுருட்டி நண்பனிடம் திருப்பிக் கொடுத்தோம்.

பிறகு மகள் பிறந்தாள். என் மனைவியின் இலங்கைப் பாஸ்போர்ட் முடிந்தது. புதுப்பிக்கத் தூதரகத்துக்குப் போவதா, போனால் இங்குள்ள அனுமதி என்னாகும், அகதிப் பயணப்பத்திரத்தில் இந்திய விசா தருவார்களா? அந்தக் காலத்து நடைமுறைகளை நான் இப்போதும் வரிசை தவறாமல் சொல்வேன். ஒவ்வொன்றையும் செய்துகொண்டிருந்தேன். அவை முடியுமுன் மெட்ராசிலிருந்து தொலைபேசி வந்தது. அக்காவுக்கு நெஞ்சு வருத்தம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. என் மனைவி ரிசீவரை வைத்துவிட்டு, சூடேற்றியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் போகமுடியவில்லை. விசா அதற்குப் பின்னர் வந்தது. எல்லாம் ஒழுங்காக, முத்திரையோடு.

கூறை இன்றும் இருக்கிறது. மகளின் கலியாணத்துக்கும் எங்கள் அறுபதாம் கலியாணத்துக்கும் அவள் வேறு பட்டுத்தான் உடுத்தினாள். ஆட்கள் கேட்டால், அது நிறம் மங்கிப்போச்சு என்பாள். அலுமாரியின் மேல்தட்டில் அதே வெள்ளைத் துணியில் சுற்றி, மடிக்காமல், ஒரு தடியில் உருட்டி வைத்திருக்கிறாள்.

மகளோடு பேசி முடித்து, வெளியே எவ்வளவு குளிர் என்று பார்க்க பால்கனிக் கதவைத் திறந்தேன். நல்ல வெயில். சமையலறையில் அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை காலம் கேட்காததைக் கேட்க இது ஒரு நேரமா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

"இஞ்சேரும், அண்டைக்கு அந்தக் கூறை முறியாமல் இருந்திருந்தால் பங்குனியிலை போயிருப்பீரோ?"

அவள் யோசிக்கவே இல்லை.

"ஓம், போயிருப்பன்."

நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் அவள் முடிக்கவில்லை.

"போய் ஒரு மாதம் அக்காவோடை இருந்திட்டு வந்திருப்பன்."

"திரும்பி வந்திருப்பீரோ?"

"வராமல்? ரெண்டு பேக்கையும் ஒண்டாப் பூட்டின பிறகு நான் அங்கை போய் என்ன செய்யிறது?" கத்தியை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "நீங்கள் என்னத்தை நினைச்சனீங்கள்?"

நான் நினைத்திருந்ததைச் சொல்லவில்லை. வெட்டிய வெங்காயத்தை அவள் சட்டிக்குள் தள்ளினாள்.

"அக்காவைப் பாத்த மாதிரியும் இருந்திருக்கும்" என்றாள். பிறகு, "அந்தக் கதவைச் சாத்துங்கோ. சூடெல்லாம் வெளியாலை போகுது."

சாத்தினேன்.